மொன்றியல் முன்னுக்கு நின்ற வருடம்

ஒஸ்லோவின் ரொம்சோஸ் அடுக்குமாடிகளில் என்னோடு வளர்ந்து, இப்போது என்னைப் போலவே நரைக்குச் சாயம் பூசத் தொடங்கிவிட்ட உங்களில் சிலருக்கு எங்கள் சித்தப்பாவை நினைவிருக்கலாம். நமது ஆட்களில் வேறு யாரும் தலையில் வைக்காத ஒரு தொப்பியோடு திரிந்தவர். நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்று நிறம். அது பிரான்ஸ் நாட்டின் தொப்பியா என்று பள்ளிக்கூடத்தில் நீங்கள் என்னைக் கேட்டீர்கள். நான் ஓம் என்றேன். பேஸ்போல் என்று சொன்னால் அதற்கு மேலும் விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். எனக்கு அந்த வயதில் விளக்கம் கொடுப்பதென்றால் வெட்கம்.

அம்மாவின் தங்கையைக் கலியாணம் செய்து மொன்றியலில் இருந்து ஒஸ்லோவுக்கு வந்தவர் சித்தப்பா. நம் அப்பாக்கள் ஞாயிறுகளில் உதைபந்தாட்டம் பார்த்தார்கள், ஊர்ச் செய்திக்காக இணையத்தைத் துழாவினார்கள். சித்தப்பாவுக்கு அது இரண்டும் போதவில்லை. சித்திரை பிறந்தால் அவருக்குப் பேஸ்போல் தொடங்கிவிடும். புரட்டாதி முடியும்வரை கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் ஓர் ஆட்டம். அதைப் பற்றிக் கதைக்க இந்த நகரத்தில் அவருக்கு ஓர் ஆள் இல்லை. கடைசியில் பன்னிரண்டு வயதான நான் அகப்பட்டேன்.

நான் சொல்லப்போவது இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டுக் கோடையைப் பற்றி.

அப்போது சித்தியும் சித்தப்பாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அம்மாவும் சித்தியும் குசினிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். இறைச்சிக்கறியின் வாசம் கதவின் கீழ் இடைவெளியால் வரும், சிரிப்பும் வரும். மொன்றியலில் மத்தியானம் ஒன்றரை என்றால் எங்களுக்கு மாலை ஏழரை. வெயில் இன்னும் எதிர்க் கட்டடத்தின் கண்ணாடிகளில் எரிந்துகொண்டிருக்கும். சித்தப்பா எங்கள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து இணையத்துக்குள் போவார். அந்த மோடம் முதலில் கீச்சிடும், பிறகு தொண்டையைச் செருமும், பிறகு அமைதியாகும். அதன்பின் வீட்டுத் தொலைபேசி வேலை செய்யாது. அதற்காக அப்பா ஒருநாளும் அவரை ஏசியதில்லை. அப்பாவுக்கு அவரில் அவ்வளவு பிரியம் இருந்தது. தம்பி, தம்பி என்றுதான் கூப்பிடுவார். சித்தப்பாவும் அப்பாவை அண்ணை என்பார்.

திரையில் படம் வராது. எழுத்து மட்டும் ஒவ்வொரு வரியாக வரும். பந்து எறியப்பட்டது, அடிக்கவில்லை. பந்து எறியப்பட்டது, உயரே போனது, பிடிக்கப்பட்டது. அந்த வரிகளை அவர் கண்ணை மூடிக்கொண்டு யாழ்ப்பாணத் தமிழில் எனக்குச் சொல்லுவார். புல்லின் நிறம், கூரையால் மூடிய அந்த விளையாட்டரங்கின் எதிரொலி, எந்த வரிசைக் கதிரையில் இருந்தால் பந்தின் வளைவு தெரியும் என்பது வரைக்கும் சொல்லுவார். ஒரு ரசிகனுக்கு இவ்வளவு தெரியுமா என்று அன்று நான் யோசிக்கவில்லை. பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வயது.

மொன்றியலில் இருந்து அவர் கொண்டுவந்த சாமான்களில் ஒரு தோல் கையுறையும் இருந்தது. இடது கைக்கு மட்டும். உள்ளே கையை விட்டால் எண்ணெயும் வியர்வையும் கலந்த வாசம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலிருந்த புல்வெளியில் அவர் பந்தை எறிய, நான் பிடிப்பேன். பந்து சரியான இடத்தில் விழுந்தால் ஒரு சத்தம் வரும், கனத்த புத்தகத்தை மூடுவது போல. அந்தச் சத்தம் வந்தால் அவர் தலையை மட்டும் ஆட்டுவார்.

அந்தக் கோடையில் அவருக்கு இரண்டு கவலைகள். அவருடைய அணியை வாங்க ஆளில்லாமல், மற்ற அணிகளின் முதலாளிகள் எல்லாரும் சேர்ந்து அதை வைத்திருந்தார்கள். வளர்ப்பதற்காக அல்ல, சமயம் பார்த்து இழுத்து மூடுவதற்காக. இருந்தும் அணி நன்றாக விளையாடியது. வளர்ந்துவருகிற பெடியன்களைக் கொடுத்துவிட்டு ஒரு பெரிய பந்துவீச்சாளரை வாங்கியிருந்தார்கள். அது முட்டாள்தனம் என்று எல்லாரும் எழுதினார்களாம். சித்தப்பா அதைச் சரி என்றார். மூடப்போகிற வீட்டில் நாளைக்கு என்று எதை எடுத்து வைப்பது என்று கேட்டார்.

மற்றக் கவலை வேலைநிறுத்தம். ஆவணி கடைசிக்குள் சம்பள ஒப்பந்தம் வராவிட்டால் விளையாட்டுக்காரர்கள் எல்லாரும் ஆட்டத்தை நிறுத்தப்போவதாக அறிவித்திருந்தார்கள். அதைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் அவருடைய குரல் தணிந்துவிடும். எட்டு வருடத்துக்கு முந்தியும் இப்படித்தான் நடந்தது என்பார்.

"அந்த வருசம் நாங்கள்தான் முன்னுக்கு நிண்டனாங்கள், பிள்ளை. எங்களைப் பிடிக்க ஒருத்தரும் இல்லை. ஓகஸ்ட்டிலை ஸ்ட்ரைக் எண்டு நிப்பாட்டினாங்கள். அதோடை எல்லாம் முடிஞ்சுது."

யார் பக்கம் நியாயம் என்று கேட்டேன். விளையாடுகிறவனும் பணக்காரன், முதலாளியும் பணக்காரன், அவர்கள் பாடு அவர்களுக்கு என்றார். கதிரை துடைக்கிறவனைப் பற்றி ஒரு பேப்பர்க்காரனும் எழுதவில்லை என்றார். நான் அதை ஒரு பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இனி எங்கள் அப்பாவின் வேலைநிறுத்தத்துக்கு வருகிறேன்.

பள்ளத்தாக்கின் கீழே, நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு சலவைக்கூடத்தில் அப்பா வேலை செய்தார். நகரத்து ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அங்கேதான் வரும். அப்பா வீட்டுக்குள் நுழைந்தால் சூடான துணியின் வாசம் அவருக்கு முன்னால் நுழையும். நீராவியில் வெந்து அவருடைய விரல் நுனிகள் எப்போதும் மினுமினுப்பாக இருக்கும். பல வருடம் அங்கே நின்றவர், தொழிற்சங்கத்துக்கு அந்த இடத்துப் பிரதிநிதியும் அவர்தான். சித்தப்பா வந்திறங்கியபோது அப்பாதான் அங்கே அவருக்கு வேலை எடுத்துக் கொடுத்தார். ஆனால் நிரந்தர வேலை அல்ல. ஆள் அனுப்புகிற ஒரு கம்பனி மூலமாக, தேவைப்படும் நாட்களுக்குக் கூப்பிடுகிற விகார் வேலை. அப்படி இன்னும் சிலர் அங்கே இருந்தார்கள்.

பள்ளிக்கூடம் தொடங்குகிற கிழமையில் ஒரு மாலை, அப்பா குசினி மேசையில் கோரிக்கைக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தார். நான் எதிரே இருந்து என் புதுப் புத்தகங்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். சித்தப்பா வேலை உடுப்போடு வந்து நின்றார். அப்பா கடிதத்தை வாசித்துக் காட்டினார். சம்பளம், ஓய்வு நேரம், நீராவி இயந்திரத்துக்கு ஒரு பாதுகாப்புத் தடுப்பு. சித்தப்பா கடைசிவரை கேட்டார்.

"எங்களைப் பற்றி இதிலை என்ன இருக்கு அண்ணை?"

"விகார் ஆக்களுக்கு இப்ப எழுதினால் அவங்கள் இதையும் தரமாட்டாங்கள், தம்பி. முதல் இதை வெல்லுவம். பிறகு உங்கடை விசயத்தைப் பாப்பம்."

சித்தப்பா சரி என்றார். அவர் சரி என்று சொன்ன விதத்தை அப்பா கவனிக்கவில்லை. அப்பா மறுபடி எழுதத் தொடங்கிவிட்டார். சித்தப்பா தேத்தண்ணிக்கும் நிற்காமல் போய்விட்டார். அப்பா நல்ல மனிதர் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டுக் கடிதங்களையும் அவர்தான் வாசித்துச் சொன்னார். அந்த மேசையில் அன்று அவர் செய்தது பிழை என்று சொல்ல எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

அடுத்த கிழமை வேலைநிறுத்தம் தொடங்கியது. முதல் ஞாயிறு சித்தப்பா வழக்கம்போல வந்து கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். ஓர் ஆட்டத்தின் நடுவில் நான் அவரிடம், அப்பாவின் ஸ்ட்ரைக் வெல்லுமா என்று கேட்டேன். அணிகளைப் பற்றிக் கேட்டால் யோசித்து விடை சொல்கிற மாதிரியே அதற்கும் யோசித்தார்.

"அப்பாவின்ரை ஆக்கள் வெல்லுவினம். நாங்கள் தோப்பம்" என்றார்.

திரையில் அடுத்த வரி வந்தது.

மறுநாள் மாலை அப்பாவின் வேலைத்தோழர்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இரண்டு தமிழர்கள், ஒரு பாகிஸ்தான்காரர், இயந்திரப் பகுதியில் நின்ற ஒரு நோர்வேஜியப் பெண். அம்மா ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தாள். எல்லாரும் களைத்திருந்தாலும் உற்சாகமாக இருந்தார்கள். அப்பா என்னைப் பக்கத்தில் இழுத்து, பேஸ்போல்காரன் எங்களைப் பற்றி என்ன சொல்லுறான் என்று விளையாட்டாகக் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவர்கள் கூடியிருக்கிற இடத்தில் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கப்பட்டது எனக்குப் பெருமையாக இருந்தது.

"நாங்கள் தோப்பமெண்டு சித்தப்பா சொன்னவர்" என்றேன்.

முன்பாதியைச் சொல்லவில்லை. வேண்டுமென்று விடவில்லை. என் நினைவில் நின்றது அந்தப் பாதிதான். அது என்னைச் சுட்டிருந்தது. தமிழ் தெரிந்த இருவரும் அப்பாவைப் பார்த்தார்கள். பாகிஸ்தான்காரர் என்ன சொன்னாள் என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார். அப்பா, ஒன்றுமில்லை, சின்னப்பிள்ளை என்றார். பிறகு அன்று முழுக்க அவர் பகிடி விடவில்லை.

புதன்கிழமை பள்ளிக்கூடம் முடிய நானும் அம்மாவும் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு சலவைக்கூடத்து வாசலுக்குப் போனோம். மஞ்சள் மேலங்கி போட்ட ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவர் சிறிய அடுப்பில் வாபிள் சுட்டுக்கொண்டிருந்தார். அந்த இனிப்பு வாசத்தோடு நெடுஞ்சாலையின் டீசல் புகை கலந்து வந்தது. பின்னேர வேலைக்கு ஆட்கள் வருகிற நேரம். பஸ்ஸில் இருந்து சித்தப்பா இறங்கினார். அந்த மூன்று நிறத் தொப்பி. சாப்பாட்டுப் பெட்டி கையில். அவர் எங்களோடு வந்து நிற்கப்போகிறார் என்று நினைத்து நான் அவருக்கும் ஒரு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினேன்.

அவர் வரிசையின் முன்னால் வந்து நின்றார். அப்பாவைப் பார்த்தார்.

"எனக்கு வேற வழி இல்லை அண்ணை."

அப்பாவின் முகம் சிவந்திருந்தது. அவருக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். எந்தச் சொந்தக்காரனுக்காக அப்பா முதலாளியிடம் போய் வேலை கேட்டார் என்பது அவர்களுக்கும் தெரியும்.

"போ தம்பி. நான் உன்னை மறிக்கமாட்டன். ஆனால் இனிமேல் என்ரை வீட்டுப் படி மிதிக்காதை."

சித்தப்பா தலை குனிந்து உள்ளே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அம்மா என் கையில் இருந்த கோப்பையை வாங்கிப் புல்லில் ஊற்றினாள்.

வேலைநிறுத்தம் மூன்று கிழமை நடந்து வென்றது. கேக் வெட்டினார்கள். அப்பாவை மேலே தூக்கினார்கள் என்று அம்மா சொன்னாள். நீராவி இயந்திரத்துக்குத் தடுப்பும் வந்தது. அடுத்த மாதம் சலவைக்கூட நிர்வாகம் ஆள் அனுப்புகிற கம்பனியோடு இருந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டது. விகார் ஆட்களை ஒருவரும் பிறகு கூப்பிடவில்லை. உள்ளே போனவரையும் கூப்பிடவில்லை, வெளியே நின்றவர்களையும் கூப்பிடவில்லை. சித்தப்பா சொன்னது சொன்னபடியே நடந்தது.

பேஸ்போல் வேலைநிறுத்தம் நடக்கவேயில்லை. கடைசி நாளில் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அதை நான் தனியாகக் கணினியில் வாசித்தேன். அந்த ஞாயிறு கதிரை காலியாக இருந்தது. மொன்றியல் அந்த வருடம் இரண்டாவது இடத்தில் முடித்தது, ஆனால் முதலாவதுக்குக் கிட்டவும் இல்லை.

சித்தி அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவர் மிதிக்கக்கூடாத படியைத் தானும் மிதிக்கமாட்டேன் என்று அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். பாறையைக் குடைந்து கட்டிய எங்கள் சுரங்கரயில் நிலையத்துக்குச் சனிக்கிழமைகளில் வருவாள். அம்மா கீழே இறங்கிப் போவாள். மேடையில் இருந்த குளிர்ந்த வாங்கில் இருவரும் அரை மணித்தியாலம் இருந்து கதைப்பார்கள். ரயில் வந்து நிற்கும்போது கதையை நிறுத்தி, ரயில் போனதும் தொடர்வார்கள். ஒருநாள் சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பியபோதுதான் அவள் பிள்ளைத்தாச்சி என்று நான் கண்டேன். குளிர்காலம் தொடங்குமுன் அவர்கள் பேர்கனுக்கு மாறிப் போனார்கள். அங்கே ஒரு வைத்தியசாலையில் சித்தப்பாவுக்குத் துப்புரவு வேலை கிடைத்திருந்தது.

தோல் கையுறை எங்கள் அலுமாரியில் கிடந்தது. இலைதுளிர் காலத்தில் பள்ளிக்கூட வாத்தியக் குழுவுக்காகப் பழைய சாமான் சந்தை நடந்ததே, அதற்கு அம்மா அதையும் ஒரு பெட்டிக்குள் போட்டுக் கொடுத்துவிட்டாள். வீட்டில் அதைப் பார்க்கப் பார்க்க அப்பாவுக்குக் கோபம் வருகிறது என்று அவளுக்கு எண்ணம். நான் பின்னேரம் ஓடிப்போய்த் தேடியபோது அந்த மேசையில் சறுக்குச் சப்பாத்துகளும் பனிமட்டைகளும் மட்டும் கிடந்தன.

இரண்டு வருடம் கழித்து இலையுதிர் காலத்தில் ஒருநாள், பள்ளிக்கூடக் கணினியில் செய்தி பார்த்தேன். மொன்றியல் அணியை அந்த நகரத்தில் இருந்து எடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டு போகிறார்கள். இனி அந்தப் பெயரில் ஓர் அணி இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவின் குறிப்புப் புத்தகத்தில் பேர்கன் இலக்கத்தைத் தேடி எடுத்து அழைத்தேன். சித்தி எடுத்தாள். பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தம். நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். அவருக்கு என்ன சொல்லுவது என்று எனக்குத் தெரியவில்லை. பாதி வசனம் சொல்லிக் கெடுத்தவள் நான்.

படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்த பிறகு, ஒரு பயிற்சிக்காகப் பேர்கனுக்குப் போனேன். அவருக்குச் செய்தி அனுப்பினேன். வைத்தியசாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் வந்து சந்தித்தார். முடி முழுக்க வெள்ளை. மேலுடுப்பில் அவருடைய பெயர் எழுதிய அட்டை. எனக்குக் கோப்பி வாங்கித் தந்து, சீனி எத்தனை என்று கேட்டார். அன்று தொலைபேசியில் அழுத அந்தக் குழந்தை, என் தங்கச்சி, இப்போது பள்ளிக்கூட நாடகத்தில் நடிக்கிறாள் என்றார். அவருடைய அணியைப் பற்றி நான்தான் எடுத்தேன். எட்டு வருடத்துக்கு முந்தி என்று அன்று அவர் சொன்ன கதை, அந்த முன்னுக்கு நின்ற வருடம்.

அப்போதுதான் சொன்னார். மிகச் சாதாரணமாக, கோப்பியைக் கலக்கிக்கொண்டு.

"அந்த வருசம் நான் அந்த ஸ்ரேடியத்திலை கதிரை துடைச்சுக்கொண்டிருந்தனான், பிள்ளை. வேலைக் கடுதாசி காட்டினால் அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிடலாம். எழுதிப் போட்டாச்சு. அம்மா கொழும்பு லொட்ஜிலை வந்து நிக்கிறா. ஓகஸ்ட்டிலை அவங்கள் விளையாட்டை நிப்பாட்ட, துடைக்கக் கதிரை இல்லையெண்டு எங்களை வீட்டை போகச் சொல்லிப்போட்டாங்கள்."

வேலைக் கடுதாசி இல்லாமல் விண்ணப்பம் நின்றுபோக, அவருடைய அம்மா பார்த்துப் பார்த்து ஊருக்கே திரும்பிப் போய்விட்டாராம். அடுத்த வருடம் சண்டையில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து நடந்தபோது, சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் காய்ச்சலோடு செத்துப்போனாராம். அது அவருக்குத் தெரியவந்தது இரண்டு மாதம் கழித்து வந்த ஒரு கடிதத்தில்.

நாங்கள் முன்னுக்கு நின்றோம் என்று அவர் சொன்னபோதெல்லாம், நான் அதை விளையாட்டுக்காரர்கள் என்று நினைத்திருந்தேன்.

அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வேலை எடுத்துத் தந்தவரிடம் போய்ச் செத்த தாயைச் சொல்லிக் கெஞ்ச மனம் வரவில்லை என்றார். சலவைக்கூடத்து வேலைநிறுத்தத்தின்போது சித்தி மூன்று மாதப் பிள்ளைத்தாச்சி. உள்ளே வராவிட்டால் இனிக் கூப்பிடமாட்டோம் என்று ஆள் அனுப்புகிற கம்பனி சொல்லியிருந்தது. தனக்கு ஓகஸ்ட் என்றால் பயம் என்றார்.

நான் அன்று பாதியைத்தான் சொன்னேன் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்" என்றார். "முழுக்கச் சொல்லியிருந்தாலும் நான் உள்ளுக்குப் போயிருப்பன்."

ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்த மறுநாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்போது அவர் வேலையில் இருந்து ஓய்ந்து, நுரையீரல் நோயோடு வீட்டில் இருந்தார்.

"அவன் ஏன் இதை எனக்குச் சொல்லேல்லை?"

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தவள், நிமிராமலே சொன்னாள்.

"நீங்கள் கேட்டனீங்களே?"

அப்பா என்னுடைய தொலைபேசியைத் தரச் சொன்னார். இலக்கத்தை அழுத்தி அவர் காதில் வைத்தேன். மறுமுனையில் சித்தப்பாவின் குரல் எனக்கும் கேட்டது. அண்ணை என்று கூப்பிட்டார். அப்பா, தம்பி என்றார். அப்பா, சுகமோ என்று கேட்டார். அங்கே இருந்து ஏதோ பதில் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். சித்தப்பா சொன்னதற்கு ஓம், ஓம் என்றார். முழுதாக நான்கு நிமிடம்கூட இருக்காது. தொலைபேசியைத் திருப்பித் தந்தார்.

"அங்கை ஒரே மழையாம்" என்றார்.

அந்தப் பனிக்காலத்தில் அப்பா போய்விட்டார். அவர்கள் இரண்டு பேரும் கடைசியாகக் கதைத்தது அதுதான்.